இரண்டு பேர் விசாரித்தார்கள்

என்னிடம் படித்தவர்கள் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு வைத்திருந்த பெயர் சந்தேகப் பிராணி. அதை என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. விமானப்படையில், வான்போரைத் தரையிலிருந்து நடத்தும் அதிகாரிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். சண்டை விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் முன்னால் இருக்கும் வானம் மட்டும்தான் தெரியும். எதிரி எத்தனை பேர், எந்த உயரத்தில் வருகிறார்கள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் கீழே இருட்டறையில் திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவரைத் தயார் செய்வதுதான் என் வேலை.

இப்போது அந்த வேலையில் டேட்டா லிங்க் என்று ஒன்று சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு ரேடாரும் ஒவ்வொரு விமானமும் தான் பார்த்ததை மற்ற எல்லோருக்கும் உடனுக்குடன் அனுப்பிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் திரையில் வந்து நிற்கும். நம்மவர்கள் நீலம், எதிரி சிவப்பு, யாரென்று தெரியாதவர்கள் மஞ்சள். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்ததும் சொக்கிப்போவார்கள். வானம் மொத்தமும் கைக்குள் வந்துவிட்டதாக நினைப்பு. முதல் நாளே அந்த நினைப்பில் மண்ணைப் போட்டுவிடுவேன். "இது வானம் இல்லை. வானத்தைப் பற்றி யார் யாரோ சொன்ன பேச்சு" என்பேன். ஒவ்வொரு புள்ளியாகக் காட்டி, இது யார் சொன்னது, எப்போது பார்த்தது என்று கேட்பேன். பதில் தெரியாதவர்கள் நின்றுகொண்டே பாடம் கேட்க வேண்டும்.

அந்தப் படம் இரண்டு விதமாக ஏமாற்றும். ஒரே விமானத்தை இரண்டு ரேடார்கள் பார்த்து, கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சொன்னால் அது திரையில் இரண்டு விமானமாகிவிடும். இல்லாத ஒன்றைத் துரத்த ஆள் அனுப்பி எரிபொருளை வீணாக்குவோம், அவ்வளவுதான். இன்னொரு ஏமாற்று இதற்கு நேர்மாறானது. ஒட்டிக்கொண்டு பறக்கும் இரண்டு விமானங்களைக் கருவி ஒன்றென்று எடுத்துக்கொள்ளும். ஒன்றை மடக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது மற்றது தலைக்கு மேல் வந்து நிற்கும். "சந்தேகம் வந்தால் இரண்டாகவே வைத்துக்கொள்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். சிமுலேட்டரில் அதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஒட்டி வரும் இரண்டு எதிரிகள் மலைக்குப் பின்னால் பிரிந்துபோவார்கள். அநேகமாக எல்லோரும் அதில் விழுந்தார்கள். விழும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

போன பங்குனியில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவே. வரச்சொன்னது அம்மாதான். திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதைப் பார்க்கிற பெண்ணுக்குச் சீக்கிரமே வரன் அமைந்துவிடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அம்மாவின் அவசரத்துக்கு நந்தியே மிரண்டிருப்பார். கொள்ளிடக்கரை வெயிலில், கூட்டத்தை முழங்கையால் விலக்கி என்னை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

உண்மையில் நந்தி தேவைப்படவே இல்லை. அரும்பாவூரிலிருந்து ஒரு வரன் வந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கால்நடை மருத்துவர். தகப்பனார் இல்லை, அம்மா இருக்கிறார், சின்ன வெங்காயம் போடுகிறார். நாங்கள் இருவரும் சில மாதங்களாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். முதல் தடவை பேசியபோது, "கொஞ்சம் இருங்க, பசு வயித்துக்குள்ள கை இருக்கு, கழுவிட்டு வரேன்" என்றார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் என் வேலையைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ராணுவத்தில் இருக்கும் பெண்ணிடம் துப்பாக்கி வைத்திருக்கிறாயா என்றாவது கேட்காத ஆண்பிள்ளை உண்டா? கேட்டால் ஏன் கேட்கிறான் என்று சந்தேகப்படுவேன். இவர் கேட்காமலிருப்பது ஏன் என்று சந்தேகப்பட்டேன். அதையும் மீறி அவரைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் அப்படி ஓர் ஆசை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திருமழபாடி போய்வந்த மறுநாள் அப்பா உடையார்பாளையத்திலிருந்து ஒரே சிரிப்பாக வீட்டுக்குள் வந்தார்.

"ஒன்னப் பத்தி இன்னிக்குக் காலையில டீக்கடையில ஒருத்தரு விசாரிச்சிருக்காரு. பொண்ணு எப்படி, கோவக்காரியான்னு கேட்டாராம். ஏரோப்ளேன் ஓட்டுறாங்களா, இல்ல ஏரோப்ளேனுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற பாடம் எடுக்குறாங்களான்னும் கேட்டாராம்."

"விமானங்க பேசிக்கிற பாடம்னு அவருக்கு எப்படிப்பா தெரியும்?"

"நாந்தான் தரகர்கிட்ட சொன்னேன். ஏன், பெருமையாச் சொல்லக்கூடாதா?"

ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டாரே என்று நான்தான் அப்பாவிடம் அப்படி விளக்கியிருந்தேன். அதைத் தரகர் எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோனாரோ. சரி, அதற்கு ஆள் தெரிந்துவிட்டது என்று விட்டேன்.

மத்தியானம் பெரம்பலூரிலிருந்து மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி, அங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். "பாப்பா, இன்வெர்ட்டர் பேட்டரி வேணும்னு காலையில ஒருத்தன் வந்தான். வெலை கேட்டான், வாங்கல. ஒன்னப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தான். ஞாயித்துக்கிழமை திருச்சியிலேர்ந்து ரயில் ஏறுறாங்களாமேன்னான். எனக்கே தெரியாது, பாப்பா, நீ என்னைக்குப் போறேன்னு."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாப்பிள்ளை வூட்டுக்காரங்கதான். இங்கயும் விசாரிச்சு அங்கயும் விசாரிச்சிருக்காங்க. அப்ப முடிச்சிடுவாங்க."

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல் ஓர் ஆள் வந்து டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டுப் போவார். அது யாரென்று பெண் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், தெரியாததுபோல இருப்பார்கள். நல்ல வார்த்தை சொல்லும்படி டீக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உண்டு. அப்பா சொல்லி வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் என் வேலையைக் காட்டத் தொடங்கினேன். டீக்கடைக்கு வந்தவர் எப்படி இருந்தார்? வயதானவர், ஒல்லி, மூக்குக்கண்ணாடி, மொபெட்டில் வந்தார். பேட்டரிக் கடைக்கு வந்தவர்? குள்ளம், நடுத்தர வயது, கார். மொபெட்காரர் எத்தனை மணிக்கு? காலைப் பலகாரம் முடிகிற நேரம். கார்காரர்? கடை திறந்த கையோடு, ஏறக்குறைய அதே நேரம். உடையார்பாளையத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவே அரியலூர் கிடக்கிறது. மொபெட்டே காராக மாறிப் பறந்திருந்தால்தான் இரண்டு இடத்திலும் ஒரே ஆள் நின்றிருக்க முடியும்.

"மாமனுக்குக் கண்ணு சரியில்ல. மணியும் தெரியாது" என்றார் அப்பா.

"ஒரே ஆளுன்னு நெனச்சா ஒங்களுக்கு நிம்மதியா இருக்கு. அதனாலதான் ஒரே ஆளுங்கிறீங்க."

"நீ என்ன போலீஸா? ஒரு கல்யாணப் பேச்சு நடக்கவுடமாட்டியா?" அம்மா கண்ணைக் கசக்கினாள்.

எனக்கும் அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. ஆனால் ரயில் விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். அதுபோக நான் சொன்னது ஒருவரிடம் மட்டும். அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க வீட்டுலேர்ந்து யாராவது என்னைப் பத்தி விசாரிக்க வந்தாங்களா? மறைக்காம சொல்லுங்க."

சிரித்தார். "பெரியப்பா போனாரு. மொபெட்ட எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் போனாரான்னு வையாதீங்க, நானே திட்டிட்டேன்."

"பெரம்பலூருக்கு?"

"பெரம்பலூருக்கா? இல்லையே, யாரும் போவலையே."

"நான் கிளம்புற நாளை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லலீங்க. ஏன்?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்தேன். நான் சொன்னது சரி, இரண்டு பேர்தான். அதில் ஒருவர் யாரென்று தெரிந்துவிட்டது. மற்றவன் என் பயண நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு கடை கடையாக வருகிறான். எங்கள் வேலையில் இருப்பவர்களைத் தேடி உளவாளிகள் கொண்டுவருகிற பேச்சுகளைப் பற்றி வருடா வருடம் எங்களுக்கு எச்சரிக்கை வகுப்பு நடக்கும். கல்யாணப் பேச்சாக வருவது அதில் சாதாரணம். அந்நியர் யாராவது விசாரித்தால் உடனே மேலே சொல்லியாக வேண்டும். அது விதி. நானே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அரும்பாவூரில் அந்த வீட்டு வாசலுக்குப் போலீஸ் போகும். போலீஸை அனுப்பிய பெண்ணை மருமகளாக எடுக்கிற வீடு பெரம்பலூர் ஜில்லாவில் எங்கே இருக்கிறது? சாயந்தரம் வரைக்கும் முந்திரிக் காட்டில் அங்குமிங்கும் நடந்தேன். ஒன்றென்றே வைத்துக்கொண்டு பேசாமல் ரயில் ஏறிவிடலாமா என்றும் யோசித்தேன். அந்த யோசனை எவ்வளவு இனிப்பாக இருந்ததோ அவ்வளவுக்கு அதன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. என் மேலதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். கடைசியில், குடும்பத்துக்கு வெளியே உன் பயண நாள் யாருக்குத் தெரியும் என்றார்.

மருத்துவரின் பெயரைச் சொன்னேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் விசாரணை முடியும் வரை சிமுலேட்டர் கூடத்துக்குள் நான் வரக்கூடாது என்றார்கள். அதுவும் விதிதான். புகார் சொன்னவளும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவள் இல்லை. என் பிள்ளைகளின் கடைசிப் பயிற்சியை வேறொருவர் நடத்தினார். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பாடங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி வந்து கதவருகே நின்றாள். மலைப் பயிற்சியில் விழாமல் தப்பிய ஒன்றிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

"மேடம், சந்தேகம் வந்தால் இரண்டாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அப்படியே வைத்துக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை உண்மையிலேயே ஒன்றுதான்."

"பரவாயில்லை. கொஞ்சம் எரிபொருள் போனது, அவ்வளவுதானே."

"நான் வீணாகத் துரத்தச் சொன்ன விமானத்துக்குத் திரும்பி வர எரிபொருள் போதவில்லை, மேடம். விமானி குதிக்க வேண்டியதாகிவிட்டது."

சிமுலேட்டரில்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவளுக்கு முகம் செத்துப்போயிருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அந்த விமானத்தில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும், அது உன் தவறு என்று எரிந்து விழுந்தேன். அவள் போன பிறகு வெகுநேரம் ஒரு வரிகூடத் திருத்த முடியவில்லை.

ஊரில் நடந்ததை மாமாதான் போனில் சொன்னார். கடை வாசல் காமிராவில் அந்தக் காரின் நம்பர் விழுந்திருந்தது. கார் ஒரு வெங்காய வியாபாரியுடையது. போலீஸார் கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவரை அனுப்பியது மருத்துவரின் அம்மா. பெரியப்பா ஒரு பக்கம் போக, அவருக்கும் தெரியாமல், மகனுக்கும் தெரியாமல், இன்னொருவரை இன்னொரு பக்கம் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு என் பயண நாள் எப்படித் தெரிந்தது என்று மகனைக் கேட்டிருக்கிறார்கள். "அம்மாகிட்ட சொல்றதெல்லாம் சொல்றதாங்க?" என்றாராம். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னது. யாரிடமும் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவை அந்தக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் போனை வாங்கிப்போய்ச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். தெரு முழுக்க வேடிக்கை பார்த்ததாம். எனக்கும் தடை நீங்கியது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. நான் செய்ததையும் எடுக்கவில்லை.

வைகாசியில் மறுபடி லீவு எடுத்து ஊருக்கு வந்து, அரும்பாவூர் போகிறேன் என்றேன். "பொண்ணு வூட்டுக்காரங்க போயி அவங்க வாசல்ல நிக்கிறதா?" என்று அப்பா குதித்தார். அப்பாவும் அம்மாவும் வரவில்லை. நான் தனியாகத்தான் போனேன்.

வீட்டுக்குப் பின்புறம் வெங்காயம் சேமிக்கிற பட்டறை இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து அவர் அம்மா காய்ந்த வெங்காயத் தாளை அரிவாளில் அறுத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒக்காரும்மா. தனியாவா வந்த? பஸ்ஸுலயா?" என்றவர், தெருப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் வந்தேன் என்று நான் சொன்னதை நம்பவில்லை என்று புரிந்தது.

"மன்னிச்சிடுங்க, போலீஸ் வந்ததுக்கு" என்றேன்.

"அத வுடு. நாலு நாளு பேசுனாங்க, மறந்துட்டாங்க. நீ செஞ்சது சரி. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் ஊர்ல எல்லாரையும் நல்லவங்கன்னு சொல்லுவாரு. அவரு பேச்ச மட்டும் நம்பி ஒரு பொண்ண எடுக்க முடியுமா? அதான் இன்னொருத்தர அனுப்புனேன். அவரு சொன்னதும் இவரு சொன்னதும் ஒத்துப்போவுதான்னு பாக்கணுமில்ல? என் மவன்கிட்ட நீ ஞாயித்துக்கிழமை போறேன்னது நெசமான்னும் கேக்கச் சொன்னேன்."

நான் வாயைப் பிளந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் இப்படிப் பதில் சொல்லும் ஒருவர்கூட வந்ததில்லை.

"எங்க வூட்டுக்காரரு போனதுலேர்ந்து ஆளாளுக்கு என்ன ஏமாத்தப் பாத்தாங்க. ஒருத்தர் சொன்னத மட்டும் வச்சு நான் நம்புறதில்ல. நீயும் அப்படித்தான் போலருக்கு. நீ வந்தா இந்த வூட்ட ஒரு பய ஏமாத்த முடியாது. ஆடி போவட்டும், ஆவணியில வச்சுக்கலாம்."

என்னை இந்தக் குணத்துக்காகவே பிடித்திருக்கிறது என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொல்கிறார். நானும் இன்னோர் அரிவாளை எடுத்து வெங்காயத் தாள் அறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் மருத்துவர் வந்தார். என்னைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு, பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கூட நடந்து வந்தார். எதிரே பச்சைமலை நீலமாகத் தெரிந்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் அவரை நிறுத்தி மருந்து கேட்டார். பதில் சொல்லிவிட்டு வந்தார்.

"போன கொண்டுபோயிப் பாத்தாங்க. மாட்டு மடி படந்தான் இருந்துச்சு. பாவம், எல்லாத்தையும் பாத்திருப்பாங்க" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்டார்: "நாளைக்கு இதே மாதிரி ஒண்ணு வந்தா, திரும்பவும் என் பேரச் சொல்லுவீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சொல்லுவேங்க. சொல்லித்தான் ஆகணும்."

"தெரியுங்க. ஒங்க மேல கோவமில்ல." என்னை ரோட்டோரமாக விட்டு வெளிப்பக்கம் வந்து நடந்தார். "நான் ஹாஸ்டல்ல இருக்கும்போது எங்கம்மா வார்டனுக்குத் தனியா போன் பண்ணுவாங்க, என் ரூம்ல இருந்தவனுக்குத் தனியா பண்ணுவாங்க. அப்புறம் எனக்குப் பண்ணி என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க. மூணும் ஒத்துப்போவலைன்னா மறுநாளே பஸ் ஏறி வந்துடுவாங்க. இன்னிக்கும் அப்படித்தான். அவங்களுக்கு இருக்குற பயம் எனக்குப் புரியுது. பெத்தவங்க, அவங்கள என்ன பண்ண முடியும்? ஆனா அதே மாதிரி இன்னொருத்தர நானா கூட்டிட்டு வர என்னால முடியலைங்க."

"என்னைப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் போன எடுக்கல. எடுத்தா சரின்னு சொல்லிடுவேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் என் கடமையைத்தானே செய்தேன், யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று நடுரோட்டில் கத்த வேண்டும்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் கத்த முடியவில்லை. பஸ் வந்தது. ஜன்னலோரமாக இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து என்னை உட்காரவைத்துவிட்டு இறங்கினார்.

பெரம்பலூர் வருவதற்குள் போன் அடித்தது. அவருடைய அம்மா.

"வந்து ரூமுக்குள்ள போயிட்டான். கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டேங்குறான். ஒங்கிட்ட என்னம்மா சொன்னான்?"

"வேண்டாம்னுட்டாருங்க."

"ஏனாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, அதுவரை நான் கேட்டிராத சன்னக் குரலில் கேட்டார்.

"என்னாலயாம்மா?"

"நம்ம ரெண்டு பேராலயுங்க" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.